டெம்பெல்ஹோஃப் ஓடுதளத்தின் ஓரத்தில் வீடு கட்டலாமா, கூடாதா?

வரைபடப்பித்தன்:

பெர்லின் நகரத்தின் நடுவிலுள்ள டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008 அக்டோபர் 30 அன்று மூடப்பட்டது. 2010 மே மாதத்தில் அதன் வேலிக் கதவுகள் திறக்கப்பட்டன. ஏறத்தாழ 300 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 740 ஏக்கர் நிலம், அன்று முதல் பொதுமக்கள் உலாவும் வெளியாகிவிட்டது. அதன் மூன்று ஓரங்களில் சுமார் 4,700 வீடுகள், பணியிடங்கள், ஒரு மத்திய நூலகம் ஆகியவற்றைக் கட்டிவிட்டு, நடுவில் 230 ஹெக்டேரை அப்படியே விட்டுவிடலாம் என்று நகர அரசு சொன்னது. 2014 மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 64 விழுக்காட்டினர் அதை நிராகரித்து, எதையும் கட்டக்கூடாது என்ற சட்டத்தையே நிறைவேற்றிவிட்டார்கள். 2023இல் பதவிக்கு வந்த கூட்டணி அரசு அந்தப் பேச்சை மறுபடியும் எடுத்திருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2014இன் முடிவு தவறானது என்பது என் கருத்து. மேற்கே யூ6 சுரங்க ரயில், கிழக்கே யூ8 சுரங்க ரயில், தெற்கே நகரைச் சுற்றும் வட்ட ரயில் என்று மூன்று பக்கமும் ரயில் ஓடும் ஓர் இடத்தில் ஓரத்தைக்கூடத் தொடக்கூடாது என்பது, ஏற்கெனவே வீடு கிடைத்துவிட்டவர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஆடம்பரம். ஒரே ஒரு இரண்டறை வீட்டைப் பார்ப்பதற்காக மூன்றாம் மாடியிலிருந்து தெருவரை படிக்கட்டில் வரிசை நின்றதையும், அந்த வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண் விண்ணப்பத் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதையும் நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய்த் திறந்தவெளியின் அருமையை விளக்க எனக்கு மனம் வராது.

ஓடர்தெருக்காரி:

ஐயா, நான் அந்த வெளியின் கிழக்கு விளிம்பில் பல ஆண்டுகளாக வாடகைக்குத்தான் குடியிருக்கிறேன். ஆடம்பரம் என்ற சொல் என் வீட்டுக்குப் பொருந்தாது. வேலிக்கு உட்புறம், பழைய சரக்குப் பலகைகளை அடித்துச் செய்த பெட்டிகளில் மண்ணைக் கொட்டி, 2011 முதல் அக்கம்பக்கத்தார் தோட்டம் போடுகிறார்கள். தரையைத் தோண்ட அனுமதி இல்லாததால்தான் பெட்டி. என் பெட்டியில் தக்காளியும் கொத்தமல்லியும் இருக்கின்றன. பக்கத்துப் பெட்டிக்காரருக்கும் எனக்கும் பொதுமொழி இல்லை, ஆனாலும் புதினா கை மாறுகிறது. கோடை இரவில் அந்தப் புல்வெளியிலிருந்து வரும் குளிர்காற்றுதான் நொய்க்கொல்ன் பகுதியின் நெருக்கமான தெருக்களைத் தூங்கவிடுகிறது. வானம்பாடிகள் புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டுவதால், அடைகாக்கும் மாதங்களில் அங்கே தடுப்பு கட்டி மனிதர்களையும் நாய்களையும் விலக்கி வைக்கிறார்கள்.

ஓரத்தில் மட்டும்தானே என்று சொல்வது எளிது. காற்று உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்த ஓரத்தின் வழியாகத்தான். கட்டடம் வேண்டுமென்றால், 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கும் அந்தப் பழைய முனையக் கட்டடத்தை முழுமையாகப் பயன்படுத்தும் வழியை முதலில் சொல்லுங்கள்.

வரைபடப்பித்தன்:

முனையத்தின் ஒரு பகுதியில் காவல்துறை இருக்கிறது. 2015இல் விமானக் கொட்டகைகளில் அகதிகளைத் தங்க வைத்தார்கள். அது நாஜிக் காலத்தில் எழுந்த, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்பதால் நினைத்தபடி சுவரை உடைத்துக் குடியிருப்பாக மாற்றவும் முடியாது. ஆகவே அது வீட்டுக்கு மாற்று ஆகாது.

இன்னொன்றையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். வேலி திறந்த பிறகு உங்கள் பக்கத்து ஷில்லர் வட்டாரத்தில் வாடகை எப்படி ஏறியது என்பது உங்களுக்குத் தெரியும். விமான இரைச்சல் போய்ப் பூங்கா வந்ததும், அதுவரை மலிவாக இருந்த தெருக்கள் தரகர்களின் கண்ணில் பட்டுவிட்டன. வெளியை வெளியாகவே வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை ஏழை வாடகைதாரர்தான் கட்டினார். அக்கம்பக்கத்தார் தங்கள் சன்னல் காட்சிக்காகப் போட்ட வாக்கு என்று நான் சொல்வது அதனால்தான்.

கணக்குப்பிள்ளை:

இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 2014இல் அந்தச் சட்டத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தது நொய்க்கொல்னில் மட்டும் அல்ல. நகரின் 12 வட்டாரங்களிலும் கிடைத்தது. அந்த வெளியைக் கண்ணால் கண்டே இராதவர்களும் அதற்கு வாக்களித்திருக்கிறார்கள் என்றால், காரணத்தைச் சன்னல் காட்சியில் தேட முடியாது.

காரணம் நம்பிக்கையின்மை என்று நான் கருதுகிறேன். 2004இல் இதே நகரம், கடன் சுமை தாங்காமல், தன் கையிலிருந்த கே.எஸ்.வே. என்ற வீட்டு நிறுவனத்தைச் சுமார் 65,000 வீடுகளோடு 40.5 கோடி யூரோவுக்குத் தனியார் முதலீட்டாளர்களிடம் விற்றது. வகுத்துப் பாருங்கள்: ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 6,200 யூரோ. (நிறுவனத்தின் கடனும் கூடவே கைமாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது வந்து என்னைப் பிடிப்பார்கள்.) பிறகு 2012இல், புதிய விமான நிலையத்தை ஜூன் 3 அன்று திறப்பதாக ஊரெல்லாம் அறிவித்துவிட்டு, மே மாதம் பிறந்த பிறகுதான் முடியாது என்று கைவிரித்தார்கள்; அது கடைசியில் திறந்தது 2020 அக்டோபரில். இந்த இரண்டையும் பார்த்த குடிமகன் 2014இல் வாக்குச்சீட்டைக் கையில் எடுக்கும்போது, ஓரத்தில் மட்டும்தான் கட்டுவோம், வாடகை குறைவாகத்தான் இருக்கும் என்று அதே அரசு சொன்னால் எதை வைத்து நம்புவான்? 2021இல் பெரிய வீட்டு நிறுவனங்களைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பெரும்பான்மையோர் ஆதரித்ததும் இந்த மனநிலையின் தொடர்ச்சியே.

பெர்லினின் இன்னொரு பழைய விமான நிலையமான டேகலையும் பாருங்கள். 2020 நவம்பரில் மூடினார்கள். அங்கே 5,000க்கும் மேற்பட்ட வீடுகள் வரும் என்ற திட்டத்தை எந்த வாக்கெடுப்பும் தடுக்கவில்லை. மூடி நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னும் அத்திட்டத்தின் ஒரு வீட்டில்கூடப் பால் காய்ச்சவில்லை. நிலம் இல்லாமையா இங்கே தடை?

ஏரிநகர்வாசி:

நான் வியன்னாவில், பழைய ஆஸ்பெர்ன் விமானத்தளத்தின்மேல் எழுந்த சேஷ்டாட்டில் நான்கு ஆண்டுகள் குடியிருந்தவன் என்பதால் இடையில் வருகிறேன். அந்தப் பெயருக்கு ஏரிநகர் என்று பொருள். 1977இல் மூடிய தளம் அது, 240 ஹெக்டேர். நடுவே ஓர் ஏரியை வெட்டினார்கள். 2013 அக்டோபரில் யூ2 ரயில் நிலையம் அங்கே திறந்தபோது சுற்றிலும் பாரந்தூக்கிகளும் மண்மேடுகளும்தான் இருந்தன. முதல் குடும்பங்கள் வந்தது அடுத்த ஆண்டில். ரயிலை முதலில் கொண்டு வந்து, ஆட்களைப் பிறகு குடியேற்றிய அந்த வரிசையால், வந்தவர்களில் பலருக்குக் கார் வாங்கும் எண்ணமே எழவில்லை. கடைத்தெருவின் தரைத்தளக் கடைகளை ஒரே நிர்வாகம் வாடகைக்கு விட்டதால் மருந்துக்கடையும் ரொட்டிக்கடையும் புத்தகக்கடையும் தொடக்கத்திலேயே இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், சமூக வீட்டுவசதிக்கு நிலம் தேடிக் கொடுப்பதையே வேலையாகக் கொண்ட நகர நிதியம் ஒன்று வியன்னாவில் பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது.

ஆனால் நான் அந்த ஊரின் விளம்பரதாரன் அல்லன். ஜூலை மாதப் பிற்பகலில் அதன் சதுக்கங்களில் நின்றால், கல்தரையின் சூடு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறும். நட்ட மரங்களின் நிழல் ஒரு குடையளவுதான் விழும். சகோதரி சொன்ன குளிர்காற்று வெறும் கற்பனை அல்ல என்பதை அங்கே வாழ்ந்து அறிந்தவன் நான். பின்னாளில் சில இடங்களில் தரையைப் பெயர்த்து மரம் வைத்தார்கள்.

வரைபடப்பித்தன்:

கணக்குப்பிள்ளை அவர்கள் சொன்ன 12 வட்டாரச் செய்தியை ஏற்றுக்கொண்டு, சன்னல் காட்சி பற்றிய என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் டேகல் தாமதமாகிறது என்பதற்காக டெம்பெல்ஹோஃபில் கட்டக்கூடாது என்பது தர்க்கம் ஆகாது. இரண்டு இடங்களிலும் வீடுகள் வேண்டியிருக்கிறது. நிபந்தனை வைத்துப் பேசுவோம். நிலத்தை ஒருபோதும் விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு மட்டுமே விடுவது, நகரத்தின் சொந்த நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் மட்டுமே கட்டுவது, வாடகை உச்சவரம்பைச் சட்டத்தின் உள்ளேயே எழுதுவது. இவை மூன்றும் இருந்தால் மேற்கு ஓரத்தில் மட்டும் கட்டச் சம்மதிப்பீர்களா?

ஓடர்தெருக்காரி:

மேற்கு ஓரம் என்றால், ஏற்கெனவே பெருஞ்சாலையும் யூ6 ரயிலும் ஓடும் பக்கம். அங்கே இழப்பு மற்ற ஓரங்களைவிடக் குறைவு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் 2014இன் சட்டம் மக்கள் நேரடியாக வாக்களித்து இயற்றியது. அதைச் சட்டமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றிவிட முடியும் என்பதால் மாற்றிவிடலாம் என்று ஆகிவிடாது. 2016இல் அகதிகளின் தற்காலிக இருப்பிடத்துக்காக அதைத் திருத்தியபோது நான் எதிர்க்கவில்லை, அது அவசரத் தேவை. 2024இல் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த நகரவாசிகளைக் கூட்டி அரசே கருத்துக் கேட்டது. அவர்களிலும் பெரும்பாலோர் கட்டடம் வேண்டாம் என்றே சொன்னார்கள். உங்கள் மூன்று நிபந்தனைகளையும் ஒரு வரி விடாமல் சட்ட முன்வரைவாக எழுதி, மேற்கு ஓரத்தின் எல்லையை மீட்டர் கணக்கில் குறித்து, மறுபடியும் ஒரு வாக்கெடுப்புக்கு வையுங்கள். அப்போதும் நான் எதிர்த்தே வாக்களிப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் தோற்றால் வழக்குப் போட மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

எல்லையை மீட்டர் கணக்கில் குறிப்பது என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வரைபடப்பித்தன் அவர்கள் தம் பெயருக்கேற்ப ஒரு வரைபடம் போட்டு இங்கே ஏற்றினால், குத்தகைக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.