புளி தட்டும் நாள் முதல் மாங்காய் விழும் நாள் வரை

மாசி மாதத்தின் கடைசி வாரத்தில் கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் காலையில் நடந்து போனால், வீட்டு வாசல்களிலிருந்து ஒரே சீரான தட்டும் ஓசை கேட்கும். பெண்கள் குழுவாக அமர்ந்து, காய்ந்த புளியின் ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்கும் ஓசை அது. என்னைப் பொறுத்தவரை இளவேனில் தொடங்குவது அந்த ஓசையில்தான். பழைய இலக்கணம் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்திருக்கிறது. ஆனால் எங்கள் மேட்டு நிலத்தில், பகல் வெயில் உடம்புக்கு இதமாகவும் விடியற்காலையில் இன்னும் ஒரு போர்வை வேண்டியதாகவும் இருக்கிற அந்த நல்ல வாரங்கள் மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை பாதியிலேயே முடிந்துவிடுகின்றன.

பதினொரு ஆண்டுகள் நான் பெங்களூரில் வேலை பார்த்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டு, கடைசிப் பேருந்தில் திரும்புவது வழக்கமாக இருந்தது. திரும்பி வந்து இங்கேயே குடியேறி இப்போது ஆறு வேனில்கள் கடந்துவிட்டன. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாய்க்காதவையாக இந்த மண்ணில் எவ்வளவு இருக்கின்றன என்பதை இந்த ஆறு ஆண்டுகளில்தான் கண்டேன். அவற்றுள் என் மனத்துக்கு நெருக்கமானவற்றையும், அவற்றை எனக்குக் காட்டிக்கொடுத்த மனிதர்களையும் பற்றியே எழுதுகிறேன். 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டாலும், அம்மா பிறந்த ஊர் பென்னாகரம் வட்டத்திலும் அப்பா பிறந்த ஊர் கிருஷ்ணகிரியை ஒட்டியும் இருப்பதால், எனக்கு இரண்டு மாவட்டங்களும் ஒரே வீட்டின் முன்கட்டும் பின்கட்டும் போன்றவை.

முதலில் புளி. ஊர் திரும்பிய முதல் ஆண்டு பங்குனியில், அஞ்செட்டியிலிருந்து உரிகம் போகும் சாலையில் வண்டியை நிறுத்தினேன். ஒரு பெரிய புளியமரத்தின் உச்சிக் கிளையில் ஒருவர் நின்றுகொண்டு காலால் கிளையை உலுக்க, கீழே விரித்திருந்த தார்ப்பாயில் பழங்கள் ஆலங்கட்டி மழையைப் போலப் பொழிந்துகொண்டிருந்தன. சாலையோர மரங்களை ஏலத்தில் எடுத்தவர்களிடம் கூலிக்கு வந்த குடும்பம் அது. பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு முதிய அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, கேட்காமலே ஒரு பழத்தை நீட்டினார். விரலால் அழுத்தியதும் ஓடு மொறுமொறுவென்று உடைந்து, உள்ளே செம்பழுப்பு நிறத்தில் சதை தெரிந்தது. புளிப்புக்கு அடியில் ஓர் இனிப்பு, அதற்கும் அடியில் வெயிலின் சூடு. அப்படியொரு சுவையைக் கடைப்புளியில் நான் கண்டதே இல்லை. உரிகம் புளிக்கு இந்தப் பக்கத்தில் ஏன் அவ்வளவு பெயர் என்று அப்போது விளங்கியது.

அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தையை இன்றும் எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கிறோம். "புதுப்புளி ரசத்துக்கு, பழம்புளி கொழம்புக்கு, கண்ணு. மாத்திப் போட்டா ரெண்டும் கெட்டுப்போயிடும்." ஆண்டு திரும்பத் திரும்பப் புளி கறுத்துக்கொண்டே போகும், அதன் கூர்மை தணிந்து, குழம்புக்கு வேண்டிய கனம் வந்து சேரும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பங்குனியில் நாங்கள் ஐந்து கிலோ கொட்டைப்புளி வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வீட்டிலேயே கொட்டை எடுத்து, மண்பானையில் ஓர் அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்பு என்று மாற்றி மாற்றி அடுக்கி வாயைத் துணியால் கட்டிவைக்கிறோம். அதே நாளில் புதுப்புளியில் பச்சைப்புளி ரசம் வைப்பதும் வழக்கமாகிவிட்டது. புளியைக் குளிர்ந்த நீரில் கரைத்து, தணலில் சுட்ட பச்சைமிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் சீரகத்தையும் பூண்டையும் நசுக்கிப் போட்டு, கொத்தமல்லியைக் கிள்ளிச் சேர்த்தால் போதும். அடுப்பில் ஏற்றவே கூடாது. ஏற்றினால் அது வேறொரு ரசமாகிவிடும். சூடான ராகிக் களி உருண்டையின் நடுவே குழி செய்து இந்த ரசத்தை ஊற்றி, ஒவ்வொரு விள்ளலாக உருட்டி விழுங்கும்போது, களியின் சூட்டுக்கும் ரசத்தின் குளிர்ச்சிக்கும் இடையே நாக்கு அனுபவிப்பதற்கு ஈடாக வேறொரு மதிய உணவை என்னால் சொல்ல முடியாது.

புளிக்கு அடுத்தபடி கசப்பு. பங்குனியில் வேம்பு பூக்கிறது. மாலையில் மரத்தடியைப் பெருக்கி வெள்ளை வேட்டியை விரித்துவைத்துவிட்டால், விடியற்காலையில் அரிசி நொய்யைத் தூவியதைப் போலப் பூக்கள் விழுந்து கிடக்கும். இவற்றை நிழலில் உலர்த்தி நெய்யில் கருக வறுப்பதை என் ஆயாவிடம் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தப் பூவுக்கு எங்கள் மாவட்டத்தில் இரண்டு புத்தாண்டுகள் உண்டு என்பதைத் தேன்கனிக்கோட்டை நண்பர் ஒருவரின் வீட்டில்தான் அறிந்தேன். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் ஏராளம். யுகாதியன்று காலையில் அவருடைய தாயார் வேப்பம்பூவையும் வெல்லத்தையும் ஒன்றாகக் கலந்து உள்ளங்கையில் வைத்து, "மொதல்ல இதச் சாப்புடு சாமி, அப்புறந்தான் ஒப்பட்டு" என்றார். பருப்பும் வெல்லமும் பூரணமாக வைத்துச் சுட்ட ஒப்பட்டும், அந்தப் பருப்பு வெந்த நீரிலேயே வைத்த சாறும் பின்னர் வந்தன. சில நாள்களோ சில வாரங்களோ கழித்துச் சித்திரை முதல் நாளில் என் வீட்டில் வேப்பம்பூவோடு மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி. ஒரே மரத்தின் பூவைக் கொண்டு இரண்டு மொழிகளில் ஆண்டைத் தொடங்குகிற வாய்ப்பு எங்களுக்கு இருக்கிறது. அதை நான் பெரும் பேறாகவே நினைக்கிறேன்.

தருமபுரியை ஒட்டியிருக்கிற வத்தல்மலையில் காப்பி விளைகிறது என்பதைப் பெங்களூரில் என்னோடு வேலை செய்தவர்கள் யாரும் நம்பியதில்லை. கோடையின் முதல் மழை பெய்து ஒரு வாரம், பத்து நாள் கழிந்ததும் காப்பிச் செடிகள் ஒரே நேரத்தில் பூத்துவிடுகின்றன. அந்தப் பூ இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் நிற்பதில்லை. இரண்டு ஆண்டுகள் நான் தவறான நாளில் ஏறி, வாடிப் பழுப்பேறிய பூக்களையே பார்த்துத் திரும்பினேன். மூன்றாம் ஆண்டில் மலையில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ஒருவர், "நாளைக்குப் பொழுது விடியறதுக்குள்ள வந்துடுங்கண்ணா" என்று தொலைபேசியில் அழைத்தார். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் கிளை முழுவதும் வெண்மையாகிக் கிடக்க, மல்லிகையைப் போன்ற ஆனால் மல்லிகையைவிட இளகிய ஒரு மணம் பள்ளத்திலிருந்து மேலேறி வந்துகொண்டிருந்தது. தேனீக்களின் இரைச்சலைத் தவிர வேறு ஓசை இல்லை. நாங்கள் இருவரும் அரை மணி நேரம் ஒரு சொல்லும் பேசாமல் நின்றோம்.

கோணப்புளியங்காயைச் சொல்லாமல் விட்டால் என் இளமைக்குத் துரோகம் செய்தவனாவேன். கொடுக்காப்புளி என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் இதன் சுருண்ட காய், சிவந்து வெடித்து, உள்ளே பஞ்சு போன்ற வெள்ளைச் சதையைக் காட்டும் பருவம் இதுதான். துரட்டிக்கோலால் கொக்கியிட்டு முறுக்கி இழுக்க வேண்டும். முள்ளுக்குப் பயந்தால் காய் கிடைக்காது. நுங்கைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. சாலையோரத்தில் நின்று, கட்டைவிரலை விட்டு நோண்டி, நீர் முழங்கையில் வழிய உறிஞ்சினால்தான் அது நுங்கு, பொட்டலத்தில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனால் பாதிச் சுவை போய்விடும் என்பது மட்டும் என் உறுதியான கருத்து.

ஒகேனக்கல்லுக்கு ஆடிப் பெருக்கில் போகிற கூட்டத்தைப் பலரும் அறிவார்கள். எனக்குப் பிடித்த ஒகேனக்கல் பங்குனியின் ஒகேனக்கல். நீர் வடிந்து, பாறைகள் வெளியே வந்து, பரிசல்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிற அளவுக்கு ஆறு அமைதியாக இருக்கும். மீனை நாமே வாங்கிக் கொடுத்தால் கூலிக்குச் சமைத்துத் தரும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். கூட்டம் இல்லாத நாளில் அவர்கள் அவசரமின்றி மசாலாவை அம்மியில் அரைப்பார்கள். அந்த வேறுபாடு குழம்பில் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட நான் ஆண்டு முழுவதும் காத்திருப்பது பாரதத்துக்காக. இந்த வறண்ட மாதங்களில் எங்கள் பகுதியின் தர்மராஜா கோயில்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களிலும் பல நாள் பாரத விழா நடக்கிறது. பதினெட்டு நாள் நடத்துகிற ஊர்களும் உண்டு. பிற்பகலில் பிரசங்கியார் கதை சொல்வார். இரவு பத்து மணிக்குமேல் அதே கதை தெருக்கூத்தாக விடியும்வரை நடக்கும். மழை வேண்டி விராட பருவத்தைப் படிக்கச் சொல்லும் ஊர்களும் உண்டு. பிள்ளைப் பருவத்தில் ஆயாவின் மடியில் படுத்து அரைத்தூக்கத்தில் பார்த்ததை, முப்பத்தெட்டு வயதில்தான் முதன்முறையாக முழு இரவும் விழித்திருந்து பார்த்தேன்.

அன்று வேடம் கட்டும் இடத்துக்குள் என்னை அனுமதித்த வாத்தியார், ஒரு புஜக்கட்டையை எடுத்து என் கையில் வைத்தார். கண்ணாடிச் சில்லுகள் பதித்த அவ்வளவு பெரிய அணி, கையில் ஒரு தேங்காய் மூடியின் எடைகூட இல்லை. "கல்யாண முருங்கை மரம், தம்பி. வேற மரத்துல செஞ்சா விடிய விடிய ஆட முடியுமா?" என்றார். அந்தக் கோயிலின் வேலியிலேயே இலை உதிர்த்த கல்யாண முருங்கை ஒன்று செக்கச்செவேலென்று பூத்து நின்றதை மாலையில் பார்த்திருந்தேன். மரமும் கூத்தும் ஒரே பருவத்தில் சிவப்பு உடுத்துகின்றன என்ற எண்ணம் அப்போது தோன்றி இன்றுவரை என்னை விட்டு விலகவில்லை.

அர்ச்சுனன் தபசு நடக்கும் நாளில், நெடிய பனைமரக் கம்பத்தில் நடிகர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். கீழே குழந்தை வரம் வேண்டி ஈரப் புடவையோடு பெண்கள் காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்தையும் திருநீற்றையும் மடியில் ஏந்துவார்கள். கடைசி நாள் காலையில், களிமண்ணால் தரையில் படுத்த நிலையில் செய்த பேருருவத் துரியோதனனைச் சுற்றிப் போர் நடக்கும். பீமன் தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தலை முடிவாள். அந்த நேரத்தில் வெயில் ஏறியிருக்கும், இரவு முழுவதும் விழித்த கண்கள் எரியும், ஆனாலும் ஒருவரும் எழுந்து போவதில்லை. ஊர்ப் பெண்கள் செம்பில் கொண்டுவந்து தரும் கம்மங்கூழை, மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தபோது, முன்பின் அறியாத அந்த ஊரில் எனக்கும் ஓர் உறவு இருப்பதாக உணர்ந்தேன்.

பிறகு மாங்காய். கிருஷ்ணகிரி என்றாலே பழத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். வைகாசி, ஆனியில் பெங்களூரா என்னும் ரக மாங்காய் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய நிலை. தை, மாசியில் தோப்புகளில் நிறைந்திருந்த பூமணம் அடங்கி, பங்குனியில் வடு கட்டி, சித்திரையில் காய் கைக்கு அடங்கும் அளவு வளர்ந்து, கொட்டை இன்னும் முற்றாமல் கத்திக்கு வழிவிடுகிற அந்த மூன்று வாரங்கள். பெங்களூராவைத் தோலோடு நீளமாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்பது அப்போதுதான் சிறக்கும்.

அந்த நாள்களில்தான் கோடை மழையும் காற்றோடு வரும். சென்ற ஆண்டு சித்திரையில் ஒரு மாலை, எங்கள் வீட்டுக்குப் பின்புறத் தோப்பில் ஆலங்கட்டியோடு காற்று வீசி, கால் மணி நேரத்தில் தரை முழுவதும் பச்சைக் காயாக்கிவிட்டது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் மரத்தடியில் அமர்ந்து, அடிபட்ட காய்களைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மண் மணமும் முறிந்த காம்புகளின் பால் மணமும் கலந்து எழுந்த அந்த வாசனை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபின் அதை முழுமனத்தோடு முகர முடியவில்லை. அவரும் அவருடைய மனைவியும் நாங்களும் விளக்கு வைக்கும் நேரம்வரை பொறுக்கினோம். நல்ல காய்களைத் தனியாகப் பிரித்து மண்டிக்கு அனுப்பும் மூட்டையில் கட்டினோம். அடிபட்டவற்றில் ஒரு கோணி நிறைய எங்களுக்கே கொடுத்துவிட்டு, பணம் நீட்டியபோது வாங்க மறுத்தார். "ஊறுகா போட்டா ஒரு பாட்டில் கொடுங்கம்மா" என்று மட்டும் என் தாயாரிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் மொட்டைமாடி முழுவதும் கீற்றுகளாக அரிந்து உப்புப் போட்டுக் காயவைத்தோம். பாதி வத்தலாயிற்று, பாதி நல்லெண்ணெயில் தொக்காயிற்று. வைகாசியில் அவர் மகள் சைக்கிளில் வந்து இரண்டு பாட்டில்களை வாங்கிப் போனாள். போகும்போது ஒரு பையில் நான்கு செந்தூராப் பழங்களை எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள்.