வாடகை வீட்டுக்குப் பதில் நிறுத்திவைத்த வேனில் குடியிருப்பு: உச்சிப்புளி பக்கம் எப்படிச் செய்வது?

நீலக்கடல்88

வணக்கம். ஹை ரூஃப் டெம்போ டிராவலர் ஒன்று கையில் இருக்கிறது. சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, சின்ன ஃப்ரிட்ஜ் போட்டு, நானும் மனைவியும் இரண்டு வருடம் அதிலேயே இருக்கலாம் என்று முடிவு. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே, தெரிந்தவருடைய பட்டா நிலம். மணல் தரை, நாலைந்து தென்னை, ஓரத்தில் பனை. போர் தண்ணீர் உப்பு. அவர் வீட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், தூரம் 30 மீட்டர். எப்படி நிறுத்துவது, வெயில், தண்ணீர், கழிவறை, துரு இதற்கெல்லாம் என்ன செய்வது? ஏசி பேட்டரியில் ஓடுமா?

கச்சான்காற்று

முதலில் திசை. வண்டியின் மூக்கு தென்மேற்கைப் பார்க்க நிறுத்துங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று அந்தப் பக்கமிருந்து மணலை அள்ளிக்கொண்டு வரும். மழைக்காலத்து வாடை வடகிழக்கிலிருந்து வரும். இரண்டும் முன்னாலும் பின்னாலும் மோதினால் வண்டி ஆடாது. விலாவில் மோதினால் இரவெல்லாம் ஆட்டம்தான். இன்னொரு லாபம், கதவு இடப்பக்கம் என்பதால் அது தென்கிழக்கைப் பார்க்கும். மதியத்துக்கு மேல் வாசலில் நிழல் விழும், வெளியே அடுப்பு வைத்துக்கூடச் சமைக்கலாம். முன் கண்ணாடிக்குத் தார்ப்பாய் உறை கட்டாயம். இல்லாவிட்டால் ஒரே கச்சானில் மணல் பட்டுப் பட்டு மங்கிவிடும்.

நிழலுக்கு ஆசைப்பட்டுத் தென்னைக்கடியில் நிறுத்தவே கூடாது. காயை விடுங்கள், ஒரு பச்சை மட்டை விழுந்தாலே கூரைத் தகடு குழியும். பனங்காயும் அப்படித்தான். வெட்டவெளியில் நிறுத்தி, மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள். வண்டிக் கூரைக்கும் கீற்றுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி வேண்டும், அதற்குள் காற்று ஓடுவதுதான் குளிர்ச்சியே. உள்ளே எத்தனை அங்குலம் ஃபோம் ஒட்டினாலும் நேர் வெயிலில் காய்ந்த தகடு சூரியன் இறங்கிய பிறகும் உள்ளே அனலைக் கக்கும். ஃபோமும் ஒட்டுங்கள்தான் (நைட்ரில் 19 மி.மீ. போதும்), ஆனால் முதல் செலவு பந்தலுக்கு. பந்தல் கால்களைப் பக்கவாட்டில் மட்டும் நடுங்கள். முன்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

சக்கரத்துக்கடியில் மணலை ஓரடி தோண்டிக் கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்குங்கள். ஜாக்கியை வெறும் மணலில் வைத்தால் ஜாக்கிதான் இறங்கும், வண்டி ஏறாது. இரண்டு அங்குலப் பலகை கைவசம் இருக்கட்டும். ஹாலோ பிளாக்கை ஷாசிக்கு முட்டுக் கொடுக்காதீர்கள், சொல்லாமல் நொறுங்கும்.

ஒயர்மேன்_மண்டபம்

தம்பி, பேட்டரியில் ஏசி வேண்டாம். கணக்குப் பாருங்கள். 25 வாட் ஃபேன் இரண்டு, 14 மணி நேரம்: 700 வாட் அவர். 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் இந்த வெயிலுக்கு ஒரு நாளைக்கு 500. விளக்கு, தண்ணீர் பம்பு, போன், லேப்டாப் சேர்த்து 330. ஆக ஒன்றரை யூனிட் (ஆயிரம் வாட் அவர் ஒரு யூனிட்). 200 ஏ.எச். லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் இரண்டரை யூனிட் கிடக்கும், தாராளம். அதே பேட்டரியில் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசியை எட்டு மணி நேரம் ஓட்டினால் ஐந்து, ஆறு யூனிட் கேட்கும். நடு ராத்திரியில் அணைந்துவிடும். ஏசியை வீட்டுக் கரண்டிலேயே ஓட்டுங்கள்.

330 வாட் பேனல் இரண்டு போதும். பந்தல் போட்டால் கூரையில் பேனல் வைக்க முடியாது. தரையில் ஸ்டாண்டு அடித்துத் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வில் வையுங்கள். அதிலும் ஒரு வசதி, உப்புப் படிந்தால் ஏணி இல்லாமல் துடைக்கலாம். நவம்பரில் மேகம் மூடினால் வரவு பாதியாகிவிடும், அன்றைக்கு வீட்டு கரண்டில் சார்ஜர் போடுங்கள். பேட்டரியை என்ஜின் சூடு படும் இடத்தில் வைக்காதீர்கள்.

இப்போது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். டயர் ரப்பர். உள்ளே எங்காவது ஒயர் உரசி பாடியில் பட்டால் அந்த கரண்ட் தரைக்கு இறங்க வழியில்லாமல் தகட்டிலேயே நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. குளித்துவிட்டு ஈரக்காலோடு மணலில் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவர்தான் எர்த் கம்பியாகிவிடுவார். அதனால் வீட்டுப் பக்கம் கேபிள் கிளம்புகிற இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் (லோடு மீறினால் அணைக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். வண்டி பக்கத்தில் இரண்டு மீட்டர் எர்த் ராடு அடித்து, ஷாசியில் பெயின்டைச் சுரண்டிய இடத்தில் போல்ட் போட்டு இணைத்து, மேலே வாசலின் பூசுங்கள். மணலில் எர்த் நன்றாக வராதே என்று கவலை வேண்டாம். 1,600 ஓம் இருந்தாலும் பாடியில் 50 வோல்ட்டைத் தாண்டுவதற்குள் இந்த ஆர்.சி.சி.பி. தட்டிவிடும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள், உப்புக் காற்றில் உள்ளே இறுகிப்போவது உண்டு.

கேபிள் 4 சதுர மி.மீ., மூன்று கோர், ஒன்றரை அடி ஆழத்தில் பைப்புக்குள். மிச்சக் கேபிளைச் சுருட்டி வைத்தபடி ஏசி ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு ஏறி உருகும்.

நீலக்கடல்88

எர்த் விஷயம் யோசிக்கவே இல்லை, ரொம்ப நன்றி அண்ணே. வண்டிக்குள் 200 லிட்டர் டேங்க் வைக்கலாம் என்றிருக்கிறேன். கழிவறைக்குத் தனிக் குழி எடுக்கலாமா?

ஊற்றுத்தண்ணி

குழி எடுக்காதீர்கள், தயவுசெய்து. அந்த மணலில் நல்ல தண்ணீர் என்பது மழைநீர் ஊறி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதப்பது. அதைத்தான் ஊற்றுத் தோண்டி மொண்டு குடிக்கிறார்கள். மணலில் கழிவு வடிந்தால் பக்கத்து வீட்டுக் குடத்துக்குப் போகும். நிலத்துக்காரர் வீட்டு செப்டிக் டேங்க் கழிவறையைப் பயன்படுத்த முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரவு அவசரத்துக்கு மட்டும் வண்டியில் சிறுநீர் தனியாகப் பிரியும் சீட்டும், மூடியுள்ள 20 லிட்டர் வாளியும் வையுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கை தென்னை நார்க் கழிவைப் போட்டால் வாடை வராது. கெமிக்கல் ஊற்றும் கேசட் வகைக் கழிவறை வேண்டாம். அந்தக் கெமிக்கலை செப்டிக் டேங்கில் கொட்டினால் அதிலுள்ள நுண்ணுயிர் செத்துவிடும்.

துணி துவைப்பது நீங்கலாக இரண்டு பேருக்கு நாளைக்கு 80 லிட்டர். 200 லிட்டர் இரண்டரை நாளில் தீரும், அதற்கு 200 கிலோவை ஏன் வண்டி தூக்க வேண்டும்? வெளியே நிழலில் 1,000 லிட்டர் டேங்க் வைத்து டேங்கர் தண்ணீர் நிரப்பினால் 12 நாள். வண்டிக்குள் 60 லிட்டர் போதும். குளிப்பதற்குப் போர் தண்ணீரும் கடைசி இரண்டு சொம்பு நல்ல தண்ணீரும் என்றால் இன்னும் நாலு நாள் இழுக்கலாம். சோப்புத் தண்ணீரைத் தென்னைக்கு விடுங்கள், வாழை உப்பைத் தாங்காது. ஊற்றிலிருந்து மோட்டார் போட்டு உறிஞ்சாதீர்கள். மேல் அடுக்கு வற்றியதும் அடியில் இருக்கும் உப்பு ஏறிவிடும், அப்புறம் அது இறங்க ஒரு மழைக்காலம் ஆகும்.

பட்டறை_ராம்நாடு

துரு பற்றி யாரும் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும், ஆனால் நல்ல தண்ணீரில். போர் தண்ணீரில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம். துரு முதலில் பிடிப்பது வீல் ஆர்ச் மடிப்பு, கண்ணாடி ரப்பருக்கு அடி, கூரை ஓரத்துக் காலர், பிரேக் பைப். வருவதற்கு முன்பே சிங்க் குரோமேட் பிரைமர், மேலே ரப்பர் கோட்டிங், பாக்ஸ் செக்ஷனுக்குள் மெழுகு ஸ்பிரே. ஏற்கெனவே துரு இருந்தால் சுரண்டாமல் மேலே பூசாதீர்கள், உள்ளுக்குள்ளேயே தின்னும். ஸ்டீல் திருகு 304 கடல் பக்கம் பழுப்பு ஏறும், 316 கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் ஸ்டீல் திருகு போடும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள். பலகை வேலைக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளை.

கேஸ் 5 கிலோ சிலிண்டர். உள்ளே திறக்காத தனிப் பெட்டியில், அடித்தட்டில் இரண்டு அங்குல ஓட்டையோடு. கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், மேலே ஜன்னல் திறந்திருப்பதால் பயனில்லை.

சீட்டைக் கழற்றி உள்ளமைப்பை மாற்றியதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்றுங்கள். நிற்கிற வண்டிதானே என்று இன்சூரன்ஸ், எஃப்.சி.யை விட்டுவிடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது எந்த நிமிடமும் ஓட வேண்டிய வண்டி. தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் அழித்த கடல் இதே கடல். 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவிலேயே நகராமல் நின்றது. பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டதும் கீற்றை இறக்கி, கேபிள், ஹோஸ் கழற்றி, ராமநாதபுரம் டவுனுக்குள் கட்டடத்து மறைவில் கொண்டுபோய் நிறுத்துங்கள். கீற்றைப் பிரிக்காமல் விட்டால் சவுக்குக் கம்போடு பிடுங்கி வண்டி மேலேயே போடும்.

அதற்கு வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும். டீசல் டேங்க் எப்போதும் முழுசாக, காலி இடத்தில் ஈரம் வேர்க்கும். ஸ்டார்டிங் பேட்டரிக்குக் கட்-ஆஃப் ஸ்விட்ச். 15 நாளுக்கு ஒரு முறை பத்து கிலோமீட்டர் ஓட்டுங்கள், டயரும் ஒரே இடத்தில் அமுங்காது. நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கேபிள் துருவேறிப் பிடித்துக்கொண்டால் அவசரத்துக்குச் சக்கரம் சுற்றாது. முதல் கியரில் விட்டு நாலு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள்.