மறு: சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட்டிங்ல வர்ற 'இன்டர்னல் கன்ட்ரோல்' – தமிழ்ல என்னன்னு சொல்றது?

வணக்கம் எல்லாருக்கும்,

சஸ்டெய்னபிலிட்டி அறிக்கைல (உமிழ்வு, விபத்து மாதிரி பணமல்லாத விஷயங்களைக் கம்பெனி வெளியிடுறது) வர்ற எண்கள் நம்பகமா இருக்கணும்னு கம்பெனிக்குள்ளயே வைக்கிற முறைகளுக்கு, அதாவது இன்டர்னல் கன்ட்ரோலுக்கு, தமிழ்ச் சொல் தேடிக்கிட்டிருக்கோம். அதுக்கு வந்த யோசனை இது:

> 'நிலைத்தன்மை அறிக்கை அகக்கட்டுப்பாடு' என்று வைத்துவிடலாம். எல்லாம் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் உள்ள சொற்கள்தாம். புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை.

ஐயா, புதுசா ஆக்க வேண்டாம்கிறதுல எனக்கும் முழு சம்மதம்தான். ஆனா இந்தச் சொல்லுங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு பிளான்ட் மேனேஜர்கிட்ட குடுத்தா அவருக்கு என்ன புரியும்னு கொஞ்சம் யோசிங்க. நிலைத்தன்மைன்னா கம்பெனி ஸ்திரமா இருக்கா, வாங்குன கடனைக் கட்டுமான்னு தோணும், 'நிதி நிலைத்தன்மை'ன்னு பேப்பர்ல தினம் படிக்கிறோமே. அகக்கட்டுப்பாடு வணிகவியல் புத்தகத்தை விட்டு வெளிய வந்தா மனசை அடக்குறதுன்னு ஆயிடுது. ரெண்டும் சேர்ந்தா தியான வகுப்பு நோட்டீஸ் மாதிரி இருக்கு :-)

ஆனா என் பெரிய கவலை அது ரெண்டும் இல்ல, 'கட்டுப்பாடு'ங்கிற வார்த்தைதான்.

முதல்ல எதுக்குப் பேர் தேடுறோம்னு தெளிவாக்கிக்கலாம், ஏன்னா இந்த இழையில பாதிப் பேர் வேற எதையோ நினைச்சுக்கிட்டு ஓட்டுப் போடுறாங்கன்னு எனக்கு சந்தேகம். கோசோ ஃப்ரேம்வொர்க் (இன்டர்னல் கன்ட்ரோலை எப்படி அமைக்கணும்னு கம்பெனிகள் பின்பற்றுற அமெரிக்க வழிமுறை) 1992ல வந்துச்சு, 2013ல திருத்துனாங்க. அந்தத் திருத்தத்துல செஞ்ச ஒரு காரியம்தான் இன்னிக்கு நம்மள இங்க கொண்டுவந்து விட்டிருக்கு: அதுவரைக்கும் நோக்கங்கள்ல ஒண்ணா 'ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்'னு இருந்ததுல ஃபைனான்ஷியலைத் தூக்கிட்டு வெறும் ரிப்போர்ட்டிங்னு ஆக்குனாங்க, பணக்கணக்கு அல்லாத அறிக்கையும் கூரைக்குக் கீழ வந்துடுச்சு. அப்புறம் 2023 மார்ச்ல சஸ்டெய்னபிலிட்டி அறிக்கைக்கு இதை எப்படிப் பொருத்துறதுன்னு தனியா ஒரு வழிகாட்டி போட்டாங்க. அதுல புது ஃப்ரேம்வொர்க் எதுவும் கிடையாது. அதே 5 கூறு, அதே 17 கோட்பாடு, ஒவ்வொண்ணுக்கும் 'சரி, இது உமிழ்வு எண்ணுக்கு, வேலையிட விபத்து எண்ணுக்கு எப்படி வரும்'னு விளக்கம். ஐசிஎஃப்ஆர்னு (ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் மீதான இன்டர்னல் கன்ட்ரோல்) இருந்தது ஐசிஎஸ்ஆர் (சஸ்டெய்னபிலிட்டி ரிப்போர்ட்டிங் மீதானது) ஆச்சு, ஒரே ஒரு எழுத்து மாறுச்சு. ஆங்கிலத்துலயே பழைய பேரை நீட்டித்தான் வெச்சிருக்காங்க, நாம மட்டும் புதுசா ஒண்ணைப் பிடிச்சா கணக்குத் துறைக்காரங்க இதை வேற ஏதோ ஒரு விஷயம்னு நினைச்சு விலகிப் போயிடுவாங்க. அவங்க உள்ள வரணும்கிறதுதான் இதோட நோக்கமே.

இப்ப சிக்கலுக்கு வர்றேன். சஸ்டெய்னபிலிட்டி அறிக்கை ஒண்ணை எடுத்துக்கிட்டா அதுல கன்ட்ரோல்ங்கிற வார்த்தை மூணு விதமா வரும். ஒண்ணு பொல்யூஷன் கன்ட்ரோல், புகையைக் குறைக்கிறது, கழிவுநீரைச் சுத்தம் பண்றது. ரெண்டாவது ஜிஹெச்ஜி புரோட்டோகால்ல (பசுங்குடில் வாயு உமிழ்வைக் கணக்கிடுறதுக்கான சர்வதேச விதிமுறை) வர்ற ஆபரேஷனல் கன்ட்ரோல், ஃபைனான்ஷியல் கன்ட்ரோல். எந்த யூனிட்டோட உமிழ்வை நம்ம கணக்குல சேர்க்கணும், எதை விடணும்னு எல்லை போடுறதுக்கான அளவுகோல் அது. மூணாவதுதான் நம்ம ஆளு, இன்டர்னல் கன்ட்ரோல். தமிழ்ல மூணுத்துக்கும் 'கட்டுப்பாடு'ன்னே போட்டுட்டுப் போனா, 'உமிழ்வு மீதான கட்டுப்பாடுகள் பலவீனமாக உள்ளன'ன்னு ஒரு வரி வந்தா புகைபோக்கில கோளாறுன்னுதான் எல்லாரும் படிப்பாங்க. எழுதுனவர் சொல்ல வந்தது எண்ணைச் சேகரிக்கிற முறை சரியில்லன்னு.

எவ்வளவு தூரம் இது வேற வேறன்னு பாருங்க. ஒரு ஃபேக்டரி ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்துது. ஒரு லிட்டர் எரிஞ்சா சுமாரா 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், மாசம் 10,000 லிட்டர்னா 27 டன். அந்த 10,000ங்கிறது எங்கேருந்து வந்த எண்? வாங்குன பில்லைக் கூட்டுனதா, இல்ல டேங்க்ல ஸ்டிக் விட்டுப் பார்த்த டிப் ரீடிங்கை வெச்சுப் போட்டதா? வாங்குனதும் எரிச்சதும் ஒண்ணு கிடையாது, மாசக் கடைசில வந்து இறங்குன லோடு அப்படியே டேங்க்ல நிக்கும். எக்செல்ல உமிழ்வு ஃபேக்டர் (லிட்டரை உமிழ்வா மாத்தப் பெருக்குற எண்) இருக்குற கட்டம் பூட்டாம இருக்கு, யாரோ அமெரிக்க கேலனுக்கான ஃபேக்டரை லிட்டரோட பெருக்கிட்டாங்கன்னா உமிழ்வு கிட்டத்தட்ட நாலு மடங்கு ஏறிடும். ஜெனரேட்டர் அது பாட்டுக்கு எப்பவும் போல ஓடிக்கிட்டுதான் இருக்கு, புகை கூடவும் இல்ல குறையவும் இல்ல, பேப்பர்ல மட்டும் எல்லாம் தலைகீழ். இந்த இடத்துல பில்லையும் டிப் ரீடிங்கையும் ஒப்பிட்டுப் பாக்குறது, ஃபேக்டரைப் பூட்டி வெச்சு மாத்துறதுக்கு வேற ஒருத்தர் கையெழுத்து கேக்குறது, இதெல்லாம்தான் இன்டர்னல் கன்ட்ரோல். புகைபோக்கில மாட்டுற ஃபில்டர் இல்ல.

அதைவிட மோசமான கேஸ், உமிழ்வைக் குறைச்சா போனஸ்னு ஒரு மேனேஜருக்கு சொல்லியிருக்காங்க, அந்த உமிழ்வு எண்ணைப் போடுற பையன் அவருக்குக் கீழதான் வேலை பாக்குறான். கோசோவோட கோட்பாடு 8 மோசடி ரிஸ்க்கைத் தனியா எடைபோடச் சொல்றது இந்த மாதிரி இடத்துக்குத்தான். பணக்கணக்குல கேஷியரும் லெட்ஜர் எழுதுறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு எத்தனையோ காலமா எல்லாருக்கும் தெரியும், கார்பன் கணக்குல அந்த உணர்வு இன்னும் வரல. நிறைய இடத்துல சஸ்டெய்னபிலிட்டி டீம்ல இருக்குற ஒருத்தரே எண்ணைக் கேட்டு வாங்கி, கூட்டி, சரிபார்த்து, அறிக்கைல எழுதி, படமும் போட்டுடுறாரு.

அதனால என் முன்மொழிவு இதுதான். இன்டர்னல் கன்ட்ரோலைத் தொட வேண்டாம், அது 'உள்ளகக் கட்டுப்பாடு'ன்னே இருக்கட்டும். அதைச் சுத்தி இருக்குற ரெண்டு கட்டுப்பாட்டைத்தான் நகர்த்தணும். பொல்யூஷன் கன்ட்ரோலை இந்தப் பேச்சுல 'உமிழ்வுக் குறைப்பு', 'மாசுத் தடுப்பு'ன்னு சொல்லிக்கலாம் (மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட பேரை நாம மாத்த முடியாது, அது கிடக்கட்டும்). ஆபரேஷனல் கன்ட்ரோலுக்கு 'செயல்பாட்டு அதிகாரம்'. இது சும்மா காதுக்கு நல்லா இருக்குன்னு சொல்லல, ஒரு யூனிட்ல செயல்பாட்டுக் கொள்கைகளைக் கொண்டுவந்து நடைமுறைப்படுத்துற முழு அதிகாரம் யாருக்கு இருக்குன்னுதான் புரோட்டோகால்லயே வரையறை. சிலர் ஆளுகைன்னு சொன்னீங்க, அது கவர்னன்ஸுக்குப் போயிடுச்சு, திருப்பிக் கேக்க முடியாது.

சஸ்டெய்னபிலிட்டிக்கு நான் பேண்தகைமை பக்கம். முழுசா எழுதுனா 'பேண்தகைமை அறிக்கையிடல் மீதான உள்ளகக் கட்டுப்பாடு'. நீளம்தான், தெரியும், திட்டாதீங்க. ஆனா 'மீதான'ங்கிற ஒட்டுலதான் அர்த்தமே இருக்கு: கட்டுப்பாடு அறிக்கையிடல் மேல, காத்து மேலயோ தண்ணி மேலயோ இல்ல.

---

> ஆனா 'மீதான'ங்கிற ஒட்டுலதான் அர்த்தமே இருக்கு

வணக்கம். உள்ளகக் கட்டுப்பாடு எண்டதில எனக்குப் பிரச்சினை இல்லை, எங்கட பக்கம் உள்ளகக் கணக்காய்வு எண்டுதான் சொல்லுறனாங்கள், பேண்தகு அபிவிருத்தியும் பழகின சொல்தான். ஆனா அஞ்சு சொல்லை ஒவ்வொரு பந்தியிலும் ஆர் எழுதுவினம்? 'அறிக்கைக் கட்டுப்பாடு' எண்டு சுருக்கினால் காணாதோ? இல்லாட்டில் 'உறுதிமுறை' எண்டு புதுசா ஒண்டு வைக்கலாம். எண்ணிலை உறுதி தாற முறை எண்ட கருத்தில. சின்னதாயும் இருக்கும், புகையோட குழம்பவும் மாட்டுது.

---

அக்கா வணக்கம்,

நீளம் பத்தி நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா அறிக்கைக் கட்டுப்பாடுன்னா யாரோ அறிக்கையை வெளிய விடாம அமுக்குற மாதிரி இருக்கு, சென்சார் போர்டு வாடை. அது வேண்டாமே.

உறுதிமுறை எனக்கு நிஜமாவே பிடிச்சிருந்தது, எழுதிப் பாத்தேன். எங்க இடிக்குதுன்னா, அஷ்யூரன்ஸ்கிட்ட. வெளிய இருந்து ஒரு தணிக்கையாளர் வந்து பேண்தகைமை அறிக்கையைப் பாத்து கருத்து சொல்றாரே, அதை உறுதியளிப்புன்னுதான் எல்லாரும் எழுதிட்டு வர்றோம். அதுக்குன்னே 2024 நவம்பர்ல ஐஎஸ்எஸ்ஏ 5000ங்கிற தரநிலையும் வந்தாச்சு. உள்ள இருக்குறது உறுதிமுறை, வெளிய இருந்து வர்றது உறுதியளிப்புன்னா போர்டு மீட்டிங்ல ரெண்டையும் ஒண்ணாக்கிடுவாங்க, 'அதான் ஆடிட்டர் வர்றாரே, அவர் பாத்துப்பாரு'ன்னு. இந்தத் துறையில ஏற்கெனவே இருக்குற வியாதியே அதுதான். உள்ள ஆதாரமே இல்லாத எண்ணை வெளியாள் வந்து சரிபண்ணித் தர முடியாது, டிப் ரீடிங் எழுதியே வைக்கலன்னா அவர் எதைப் பாத்து கையெழுத்துப் போடுவாரு? கோசோ வரையறைலயும் 'நியாயமான உறுதி'ங்கிற தொடர் வருது, அங்க அந்த உறுதியைத் தர வேண்டியது போர்டும் மேனேஜ்மென்ட்டும் மத்த ஊழியர்களும் சேர்ந்து நடத்துற செயல்முறை. அதனால உறுதிங்கிற சொல்லை ரெண்டு இடத்துலயும் விட்டுவைப்போம், ஆனா இந்த அமைப்போட பேர்ல வேண்டாம்.

சுருக்கத்துக்கு என் யோசனை, கட்டுரைல முதல் தடவை முழுத் தொடரைப் போட்டுட்டு அப்புறம் வெறும் 'உள்ளகக் கட்டுப்பாடு'ன்னே எழுதிட்டுப் போகலாம். மத்த ரெண்டு கட்டுப்பாட்டையும் தான் வேற பேர் குடுத்து அனுப்பிட்டோமே, இனி குழப்பம் வராது. முதலெழுத்தைக் கோத்து பேஅஉகன்னு மட்டும் யாரும் ஆரம்பிச்சுடாதீங்க.

நீங்க கேக்காத ஒண்ணு எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. பன்மைல 'கன்ட்ரோல்ஸ்'னு சொல்றோமே, தனித்தனிச் சோதனைகள், அதுக்கு 'கட்டுப்பாடுகள்'னு போட்டா ஊரடங்கு ஞாபகம்தான் வருது, 'கட்டுப்பாடுகள் தளர்வு'ன்னு நியூஸ்ல ஓடுமே அது. 'சரிபார்ப்புகள்'னு போன வாரம் ஒருத்தர் சொன்னாரு, ஆனா அது தப்பு நடந்த பிறகு கண்டுபிடிக்கிற வகைக்கு மட்டும்தான் பொருந்தும். ஃபேக்டர் கட்டத்தைப் பூட்டுறது தப்பே நடக்காம தடுக்குற வகை, அதை எப்படிச் சரிபார்ப்புன்னு சொல்றது. 'கட்டுப்படி'ன்னு ஒருத்தர் போட்டிருந்தாரு, வாசிச்சதும் 'ஆகாது'ன்னு வாய்ல தானா வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க. இப்போதைக்கு 'கட்டுப்பாட்டுச் செயல்'னு வெச்சுக்கலாம். ஃப்ரேம்வொர்க்கோட மூணாவது கூறுக்கும் அதே பேர்தான் வருது, 'தடுப்புச் செயல்', 'கண்டறிவுச் செயல்'னு ரெண்டாப் பிரிக்கவும் வசதி. அழகான சொல் இல்லதான், ஆனா ஸ்டோர்ல டேங்க் அளக்குறவருக்கு 'உங்க பங்குல இருக்குற கட்டுப்பாட்டுச் செயல் இது, தேதி போட்டு கையெழுத்துப் போடுங்க'ன்னு சொன்னா அவருக்குப் புரியும். எனக்கு அது போதும்.

இன்னொரு விஷயம், ஏன் அவசரப்படுறேன்னு தனி மடல்ல கேட்டிருந்தீங்க. 2023 ஜூன்ல வந்த ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1ங்கிற சர்வதேச அறிக்கையிடல் தரநிலை, பேண்தகைமைத் தகவலை நிதி அறிக்கையோட ஒரே நேரத்துல குடுக்கச் சொல்லுது. இதுவரைக்கும் வரவு செலவுக் கணக்கு முடிஞ்சு சில மாசம் கழிச்சு நிதானமா கலர் புத்தகம் போட்டுட்டு இருந்தவங்க, இப்ப அதே கெடுவுக்குள்ள உமிழ்வு எண்ணையும் முடிக்கணும். அப்ப நிதி டீமும் சுற்றுச்சூழல் டீமும் ஒரே மேசைல உக்காந்தாகணும், ஒருத்தர் கட்டுப்பாடுன்னு சொல்றப்ப இன்னொருத்தர் புகைபோக்கியை நினைச்சா வேலைக்கு ஆகாது.

நம்ம கலைச்சொல் ஷீட்ல இப்ப ஏத்தப் போறது: உள்ளகக் கட்டுப்பாடு, கட்டுப்பாட்டுச் செயல், செயல்பாட்டு அதிகாரம், உமிழ்வுக் குறைப்பு, உறுதியளிப்பு. டெஃபிஷியன்ஸிக்குக் 'குறைபாடு'ன்னு போட்டுக்குறேன், மெட்டீரியல் வீக்னஸ் (அறிக்கைல பெரிய தப்பு வர வழிவிடுற கடுமையான குறைபாடு) கட்டத்தைக் காலியா விடுறேன், 'பெருங்குறை'ன்னு எழுதி அழிச்சுட்டேன், ஏதோ ஜாதகத்துல குத்தம் சொல்ற மாதிரி இருந்துச்சு. யாருக்காவது நல்லதா தோணுனா நேரா ஷீட்லயே போட்டுடுங்க. மெட்டீரியாலிட்டிக்கு (எந்தத் தகவல் அறிக்கைல சேர்க்குற அளவுக்கு முக்கியம்ங்கிறது) மட்டும் தனி இழை ஆரம்பிங்க தயவுசெஞ்சு, அதை இதுல கலந்தா ரெண்டும் முடியாது.