பானைகள் மீது வீடியோ: ப்ரொஜெக்டர் அறிந்தவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். சென்னையில் ஒரு சிறிய கலைக்கூடத்தில், சுண்ணாம்பு பூசிய மண்பானைகள் மீது வீடியோவைப் படியவைத்துப் பார்க்கிறோம். வீடியோவைப் பொருளின் வடிவத்துக்குப் பொருத்தும் மேட்மேப்பர் மென்பொருளில் பானைக்கொரு மாஸ்க் (படம் பானைக்கு வெளியே விழாமல் மறைக்கும் எல்லை) வரைந்தாகிவிட்டது. நடுவயிற்றில் படம் கச்சிதமாக உட்காருகிறது. பக்கவாட்டில் வளையும் இடத்தில் இழுபட்டு மங்குகிறது. அதைவிட எரிச்சலூட்டுவது கறுப்பு. ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாதே! மாஸ்க்குக்கு வெளியிலும் சாம்பல் ஒளி கசிந்து, பின்சுவரில் பெரிய செவ்வகமாகத் தெரிகிறது. 1969இலேயே டிஸ்னிலேண்டில் மார்பளவுச் சிலைகள் மீது முகங்களின் படத்தை வீசி, அவற்றைப் பாடவைத்துவிட்டார்கள். எங்களுக்கோ பானையே வசப்படவில்லை.

சுவருக்குக் கறுப்புத் துணி போதுமா, கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாடு) கூடிய ப்ரொஜெக்டர்தான் வேண்டுமா? இருபுறமும் ப்ரொஜெக்டர் வைத்தவர்கள், இரண்டு ஒளியும் சேரும் விளிம்பை எப்படி மறைத்தீர்கள்? வாடகைக்குக் கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள்.