கன்னியாவுக்கு அடியில் எரிமலையா?

வெள்ளவத்தைவாசி:
எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் ஒரு மேதாவி எழுதுகிறார்: திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு அடியில் எரிமலை தூங்குகிறதாம், வாயுவைப் பிடித்துச் சோதித்தால் தெரிந்துவிடுமாம். ஆளாளுக்குக் கைகூப்பி வேறு! மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழம் போய்ச் சூடாகி ஏறி வருகிறது. ஒரு கிலோமீற்றர் இறங்கினாலே 25 பாகை அளவில் கூடும். இதற்கு எரிமலை எதற்கு?

கொட்டாஞ்சேனைக்குமார்:
எழுதியவன் நான்தான். வாயுவைச் சோதிக்கச் சொன்னது குற்றமா?

பாறைப்பித்தன்:
குற்றமில்லைத் தம்பி. முடிவை முதலே எழுதிவைத்ததுதான் குற்றம். பார்க்க வேண்டியது ஈலியத்தின் இரண்டு சமதானிகளான (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) ஈலியம்-3க்கும் ஈலியம்-4க்கும் உள்ள விகிதம். நடுக்கடல் முகடுகளில், மேலோட்டுக்குக் கீழிருந்து வரும் வாயுவில் அது காற்றைப்போல் சுமார் 8 மடங்கு. நம்முடையதுபோன்ற பழம்பாறைகளில் யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஈலியம்-4ஐப் பெருக்குவதால் விகிதம் காற்றின் ஐம்பதில் ஒரு பங்குக்கு இறங்கும். நியூசிலாந்தின் எரிமலை வாயு ஆய்வாளர் ஜிக்கன்பாக் இந்த வேலைக்கே வாழ்ந்தவர், 1997இல் பப்புவா நியூகினியின் ரபவுல் எரிமலையில் வேலையிலேயே இறந்தார். காற்றகற்றிய கண்ணாடிப் போத்தலில் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் விட்டுப் பிடிப்பார். காபனீரொட்சைட்டைக் கரைசல் விழுங்கும், ஈலியமும் ஆகனும் நைதரசனும் மேலே மிஞ்சும்.

கொட்டாஞ்சேனைக்குமார்:
கண்ணாடியா? ஈலியம் கண்ணாடிக்குள்ளாலேயே கசியும் ஐயா! செப்புக் குழாயில் எடுத்து இரண்டு முனையும் நசுக்க வேண்டும்.

பாறைப்பித்தன்:
ஈலியச் சமதானிக்குச் செப்புக் குழாய், மற்ற வாயுக்களுக்குப் போத்தல். கசியாத வகைக் கண்ணாடியும் உண்டு. கூகிளில் அந்தப் பக்கம் திறக்கவில்லையோ?

கொட்டாஞ்சேனைக்குமார்:
கண்ணாடி என்று எழுதினீர்களா, இல்லையா?

வத்தளைஅமுதா:
அண்ணாமாரே, நீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஈலியமே தேவையில்லை. ஐதரசன், ஒட்சிசன் சமதானிகள் மழைநீருக்கென்று 1961இல் கிறெய்க் என்ற ஆய்வாளர் வரைபடத்தில் போட்ட கோட்டில் விழுந்தால் அது மழைநீர். முடிந்தது.

பாறைப்பித்தன்:
முடியவில்லைத் தங்கச்சி. நீர் மழையாகவும் வாயு ஆழத்ததாகவும் ஒரே ஊற்றில் வரலாம். நைதரசன்-ஆகன் விகிதம் காற்றில் 84, காற்றுப்பட்ட நீரில் 40க்குக் கிட்ட. ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடத்து எரிமலைகளில் நூற்றுக்கணக்கில் போகும். இதையும் சேர்த்துப் பார்க்காமல் பேசக் கூடாது.

திருமலைப்பெடியன்:
கொழும்பில் ஏசிக்குள் இருந்து எங்கள் கிணற்றைத் தோண்டாதீர்கள். தாயின் கிரியைக்கு இராவணன் குத்திய ஏழு கிணறு அவை.

வெள்ளவத்தைவாசி:
வந்துவிட்டார். மகா ஓயாவிலும் மகாபெலஸ்ஸவிலும் உள்ள வெந்நீர் ஊற்றுகளைக் குத்தியது யார்?

கொட்டாஞ்சேனைக்குமார்:
கலிபோர்னியாவில் சான் அந்திரேயாஸ் பிளவு நெடுக எரிமலை இல்லாத இடத்திலும் ஆழத்து ஈலியம் வருகிறது. அப்போ உங்கள் விகிதம் என்னத்துக்கு?

வத்தளைஅமுதா:
குமார், அது உங்கள் எரிமலைக்கே ஆப்பு.

பாறைப்பித்தன்:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். ஆழத்து வாயு வேறு, எரிமலை வேறு.

கொட்டாஞ்சேனைக்குமார்:
சொல்லவேயில்லை. மேலே போய்ப் பாருங்கள், கண்ணாடிப் போத்தல்தான் இருக்கிறது. களனி நீர் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

பாறைப்பித்தன்:
களனிக் கணக்கை இங்கே இழுக்காதே. அதில் பிழைவிட்டது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளவத்தைவாசி:
எனக்குத் தெரியாது. யார்?