கொலாஜ்: ஆர்டர் படிவத்தில் எழுத ஒரு தமிழ்ச்சொல்

சத்துவாச்சாரி ஸ்டுடியோவிலிருந்து:

தமிழ்ச்சொல் தேடும் நம் மின்னஞ்சல் குழுவினருக்கு, வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வணக்கம்.

கடைக்குப் புது ஆர்டர் படிவம் அச்சடிக்கப் போகிறேன், இந்த முறை முழுக்கத் தமிழில். மேக்ஸி, பாஸ்போர்ட் சைஸ், ஃப்ரேம், லேமினேஷன் எல்லாவற்றையும் அப்படியே தமிழ் எழுத்தில் விட்டுவிட்டேன். அவற்றால் யாரோடும் தகராறு வந்ததில்லை. தகராறு வருவது 'கொலாஜ்' என்ற ஒரு சொல்லால்தான்.

கவுண்டரில் வந்து "கொலாஜ் போட்டுக் குடுங்கணா" என்பவர்கள் குறைந்தது மூன்று வெவ்வேறு சரக்கைக் கேட்கிறார்கள். ஒன்று, பத்துப் பதினைந்து படங்களை இடைவெளி விட்டு, ஒவ்வொன்றும் அதனதன் எல்லைக்குள் முழுசாக இருக்கும்படி ஒரே தாளில் அடுக்குவது. இரண்டாவது, நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரிதாக, சுற்றிலும் தாலி கட்டுவது, மெட்டி போடுவது, கோபுரம் எல்லாம் ஓரம் தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போவது. மூன்றாவது, ஒன்றாக நிற்காதவர்களை நிற்க வைப்பது. மகன் கல்யாணப் படத்தில் இறந்துபோன அப்பாவைக் கொண்டுவர வேண்டும். லீவு கிடைக்காமல் துபாயிலேயே தங்கிவிட்ட தம்பியைக் குடும்பப் படத்தில் ஓரமாகவாவது சேர்க்க வேண்டும்.

இந்த மூன்றுக்கும் உழைப்பு ஒன்றல்ல. முதலாவதில், படங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவதில் தலைமுடி ஓரத்தை வெட்டி எடுக்கவே ஒரு மாலை நேரம் போய்விடும். மூன்றாவதில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, நிழல் எங்கே விழ வேண்டும், அப்பா அம்மாவைவிட எவ்வளவு உயரம் என்று எல்லாம் பார்க்க வேண்டும். அந்த அப்பாவுக்கு இருக்கும் ஒரே படம் பெரும்பாலும் பழைய அடையாள அட்டையில் இருப்பதுதான். போனில் "கொலாஜ் இன்னா ரேட்டு?" என்று கேட்டு முதல் வகையின் விலையைக் குறித்துக்கொள்கிறார்கள். நேரில் வந்து மூன்றாவது வகையைக் காட்டுகிறார்கள். "அதான் கொலாஜ்னு சொன்னேனே" என்றால் என்ன பதில் சொல்வது? அவர் பேரிலும் தப்பில்லை.

சொல் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. கவுண்டரில் இருக்கும் பெண் திக்காமல் சொல்ல வேண்டும். அணைக்கட்டு ஊரிலிருந்து பேத்தி படத்தோடு வரும் பாட்டி "இன்னாது?" என்று திருப்பிக் கேட்கக் கூடாது. விலைப் பலகையில் எழுதினால் வாங்கத் தோன்ற வேண்டும். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கமிருந்து வரும் வங்காளிகளுக்கும் வடகிழக்கு மாநிலத்தவர்க்கும் கொலாஜ் என்றாலே போதும். அவர்களுக்கான பலகை தனி. நான் கேட்பது நம் ஊர்க்காரர்களுக்கு.

குடியாத்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பிக்கு வாழ்த்துகள். படிவத்தைத் தமிழில் போட நினைத்ததே பெரிய காரியம்.

கொலாஜ் என்பது ஒட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 1912இல் பிக்காசோவும் பிராக்கும் ஓவியத்தின்மேல் தாளையும் துணியையும் ஒட்டத் தொடங்கியபோது அது கலையுலகில் நிலைத்தது. அந்தப் பொருளில் 'ஒட்டுப்படம்' என்று நேராகவே சொல்லலாம்.

ஆனால் நம்மிடம் இதைவிட நல்ல சொல் இருக்கிறது. பல பூக்களைக் கலந்து கட்டிய மாலைக்குக் கலம்பகம் என்று பெயர். பல பாவும் பாவினமும் பதினெட்டு உறுப்புகளும் கலந்த நூலுக்கும் அதே பெயரை வைத்தார்கள் நம் முன்னோர். வடார்க்காட்டுக்காரர்களுக்கு அதில் உரிமையும் உண்டு. நந்திக் கலம்பகம் பாடும் மூன்றாம் நந்திவர்மன் வென்ற தெள்ளாறு, நம் வந்தவாசிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது! 'படக்கலம்பகம்' என்று எழுதிப் பாருங்கள். நீளம் என்றால் 'படலை' இருக்கிறது. இலையும் பூவும் கலந்து தொடுத்த மாலையைச் சங்கப் புலவர்கள் அப்படிச் சொன்னார்கள். 'கதம்பம்' என்று யாரேனும் சொல்வார்கள், வடசொல், வேண்டாம்.

ராணிப்பேட்டை, ஃப்ரேம் கடையிலிருந்து:

அண்ணா, எங்கள் கடையில் இரண்டே வார்த்தைதான்: கட்டம் போட்டது, கட்டம் போடாதது. கட்டம் போட்டதற்கு மௌண்ட் அட்டையில், அதாவது ஃப்ரேமுக்குள் படத்தின்மேல் வைக்கும் அட்டையில், ஜன்னல் ஜன்னலாக வெட்ட வேண்டும், கூலி கூட. போடாததற்கு ஒரே ஜன்னல். 'கட்டப்படம்' என்று போடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

அப்புறம் ஒன்று. ஃப்ரேமின் உதடு நாலு பக்கமும் கால் அங்குலம் படத்தை மூடும். டிசைன் பண்ணுகிறவர்கள் உள்ளே எல்லா இடைவெளியையும் அழகாகச் சமமாக வைத்துவிட்டு, வெளி ஓரத்துக்கும் அதையே வைக்கிறார்கள். ஓரத்துப் பிள்ளையின் காது உள்ளே போன பிறகு என்னிடம் வந்து கத்துகிறார்கள். படிவத்தில் இதற்கும் ஒரு வரி போடுங்கண்ணா.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் (சொந்த ஊர் காட்பாடி):

ஆசிரியர் ஐயா சொன்ன 1912 சரி. ஆனால் ஸ்டுடியோ அண்ணா சொல்லும் மூன்றாவது வகை அதற்கும் அரை நூற்றாண்டு மூத்தது. 1857இல் ரெய்லாண்டர் என்பவர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். அடுத்த ஆண்டு ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களிலிருந்து, சாகக் கிடக்கும் ஒரு பெண்ணையும் அவளைச் சுற்றியிருக்கும் குடும்பத்தையும் ஒரே அறையில் இருப்பதுபோல் காட்டினார். பார்த்தவர்கள் மனம் கலங்கினார்கள், ஜோடித்தது என்று தெரிந்ததும் சிலர் கோபப்பட்டார்கள். அதில் ஒட்டும் கிடையாது, ஒட்டியது தெரியவும் கூடாது. ஆகவே அதைக் கொலாஜ் என்ற தலைப்பின்கீழேயே வைக்க வேண்டாம். தனிச் சொல், தனி விலை.

'படத்தொகுப்பு' என்று இனிமேல் யாராவது சொல்லக்கூடும். சினிமாவில் எடிட்டிங்குக்கும், ஆல்பத்துக்கும் அது ஏற்கெனவே போய்விட்டது. கட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. போனில் இருக்கும் கொலாஜ் செயலிகள் தானாகச் செய்வது அந்த முதல் வகையைத்தான்.

சத்துவாச்சாரி ஸ்டுடியோவிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கவுண்டரில் சொல்லிப் பார்த்தோம்.

ஒட்டுப்படம் முதலிலேயே அடிபட்டது. "கல்யாணப் படத்துக்குப் போயி ஒட்டுப் போடுவாங்களா?" என்றார் ஒரு அம்மா. கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு அவர் காதில் விழுந்துவிட்டது. தவிர, இப்போது எதையும் ஒட்டுவதில்லை. பிரிண்ட்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, அதைத் திரும்பப் படமெடுத்த காலம் போய்விட்டது. எல்லாம் கணினியிலேயே முடிந்து, லேபிலிருந்து ஒரே தாளாக வருகிறது.

ஐயா, கலம்பகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தெள்ளாற்றைச் சொன்னதும் இன்னும் பிடித்தது. ஆனால் கவுண்டர் பெண்ணின் வாயில் அது நிற்கவில்லை. கேட்பவர்களும் கலம்பகமா, கலவரமா என்று விழிக்கிறார்கள். படலை என்றால் இந்தப் பக்கம் ஆட்டுப்பட்டிக்கு வைக்கும் படல்தான் ஞாபகம் வருகிறது.

கட்டம் விஷயத்தில்தான் சுவாரசியமே. எங்களிடம் அதிகம் போகும் சரக்கு, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குச் செய்யும் பன்னிரண்டு மாதப் படம். 12×12 அங்குலத் தாளை நான்குக்கு நான்காகப் பிரித்தால் மூன்று அங்குலச் சதுரங்கள் பதினாறு வரும். நடுவில் இருக்கும் நான்கையும் ஒன்றாக்கி ஆறு அங்குலத்துக்குப் பிறந்தநாள் படம். சுற்றி மீதியிருக்கும் பன்னிரண்டில் மாதத்துக்கு ஒன்று. இந்த அமைப்பைப் பார்த்தவுடன் உங்களுக்கு வேறெதுவும் நினைவுக்கு வரவில்லையா? எங்கள் டிசைனர் பையன்கள் இதை 'ராசிக்கட்ட மாடல்' என்றுதான் சொல்கிறார்கள். வாடிக்கையாளர்களுக்கும் அதே நினைப்பு வருகிறது, அதுதான் சிக்கல். பலகையில் 'கட்டப்படம்' என்று சாக்பீஸால் எழுதி வைத்தேன். பேரனுக்கு ஆர்டர் கொடுக்க வந்த ஒரு தாத்தா, "கொழந்தைக்குக் கட்டம் சரியில்லனு இப்பதான் ஜோசியர் சொன்னாரு, நீ வேற கட்டப்படம்னு எழுதி வச்சிருக்கியே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் ஆர்டரை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார். கஷ்டத்தையும் கட்டம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று பேராக நின்று படம் எடுக்கவே தயங்குகிற ஊரில், விற்கிற பொருளின் பெயரில் இந்த வம்பு எதற்கு?

ஆனாலும் கட்டத்தை விடவில்லை. அதைப் பொருளின் பெயராக இல்லாமல், உறுப்பின் பெயராக வைத்துக்கொண்டேன். 'பன்னிரண்டு கட்டம்', 'ஒன்பது கட்டம்' என்று எண்ணிக்கை சொல்லும்போது யாரும் முகம் சுளிக்கவில்லை. விலை போடவும் அதுதான் வசதி. ஆர்டர் கொடுத்த பிறகு "இன்னும் நாலு படம் சேத்துக்கோங்கணா" என்கிறவரிடம், கட்டம் கூடினால் என்ன ஆகும் என்று காட்டிவிடலாம். 12×18 தாளில் இருபது படம் வைத்தால், இடைவெளியைக் கழிக்காமலே படத்துக்குப் பதினோரு சதுர அங்குலம்கூட வராது. அதில் குடும்பத்தோடு எடுத்த படம் வந்தால் முகமெல்லாம் கடுகாகிவிடும். "படத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் 16×24 போங்கள்" என்பேன். பாதிப் பேர் பெரிய அளவுக்குப் போகிறார்கள். சுவரில் அதே அளவில் மாதிரி மாட்டி வைத்திருப்பதால் நான் அதிகம் பேச வேண்டியதில்லை. போன் திரையில் காட்டி விற்றால் எல்லா அளவும் ஒன்றாகத்தான் தெரியும்.

பெயருக்கு, வாடிக்கையாளர்கள் என்ன வினை சொல்கிறார்கள் என்று கவனித்தேன். எல்லாவற்றையும் கொலாஜ் என்று பெயரிடுகிறவர்கள், வேலையைச் சொல்லும்போது தெளிவாகப் பிரிக்கிறார்கள். முதல் வகைக்கு "எல்லாத்தையும் ஒண்ணா போட்டுக் குடுங்க". இரண்டாவதற்கு "மிக்ஸ் பண்ணிக் குடுங்க". மூன்றாவதற்கு "அப்பாவச் சேத்துக் குடுங்க". அப்புறம் நாம் என்ன புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது? மூன்றாவதற்குச் 'சேர்ப்புப்படம்' என்று வைத்துவிட்டேன். சொன்னவுடன் "ஆமா, அதான்" என்கிறார்கள்.

முதல் வகைக்குக் 'கதம்பப்படம்'. ஐயா மன்னிக்க வேண்டும். கதம்பத்தில் மல்லி மல்லியாகவும் மரு மருவாகவும் தனித்தனியே தெரியும், இந்த வகைக்கு வேண்டியதும் அதுதான். எல்லா மதத்தவர்க்கும் தெரிந்த சொல். பூ வாசனை அடிக்கிற சொல்லைப் பலகையில் எழுதினால் விற்கும் என்ற வியாபார புத்தியும் இதில் இருக்கிறது, மறைக்கவில்லை.

இரண்டாவதுதான் இழுத்தது. 'கலவைப்படம்' என்றால் சிமெண்ட்டு ஞாபகம். 'கரைபடம்' என்று எழுதினால் கறை என்று படிக்கிறார்கள். 'இழைப்படம்' என்று முடிவு செய்திருக்கிறேன். சந்தனத்தை இழைப்பதும் அதில் இருக்கிறது, ஆரணிப் பட்டின் இழையும் இருக்கிறது. ஓரம் தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று போவது என்று விளக்கினால் புரிகிறது. ஆனால் விளக்க வேண்டியிருக்கிறது. அதனால் இதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றத் தயார்.

படிவத்தில் வருவது இப்படி: கதம்பப்படம் என்றால் எத்தனை கட்டம், நடுப்படம் எது. இழைப்படம் என்றால் பெரிய முகம் யாருடையது. சேர்ப்புப்படம் என்றால் யாரை, யார் பக்கத்தில், மூலப்படம் உண்டா. சாமி படமும் பெரியவர்கள் படமும் மேலே இருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி. இதை முன்னாலேயே கேட்காவிட்டால் டிசைன் முடிந்தபிறகு எல்லாவற்றையும் கலைக்க வேண்டிவரும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்பவும் என்று ஒரு குறிப்பு. நீளப் பக்கம் 1600 பிக்சலுக்குச் சுருங்கி வந்த படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட்டால் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். கட்டத்துக்கு அது போதும், நடுப்படத்துக்குப் போதாது. கடைசியில் 'பார்த்துச் சரி சொன்னேன்' என்று கையெழுத்துக்கு இடம். கையெழுத்துக்குப் பிறகு திருத்தம் என்றால் தனிக் கூலி.

ராணிப்பேட்டைத் தம்பி, வெளி ஓரம் உள் இடைவெளியைவிடக் கால் அங்குலம் கூடுதல் என்று டிசைனர்களின் படியில் போட்டாயிற்று.

குடியாத்தம், தமிழாசிரியர்:

தம்பி, கதம்பத்தை ஏற்கிறேன், மனமில்லாமல். விற்கிறவர் நீங்கள். ஆனால் 'கதம்பப்படம்', 'சேர்ப்புப்படம்' இரண்டிலும் ப் விடாமல் அச்சுக்கோப்பவரிடம் சொல்லுங்கள், ஒற்றைத் தின்றுவிடுவார்கள். இழைப்படம் நன்று, அதை மாற்ற வேண்டாம். விளக்கம் இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை தேவைப்படாது.

சென்னை, தமிழாக்கம் செய்பவர்:

மூன்றையும் தனித்தனிப் பதிவாகச் சொற்பட்டியலில் சேர்த்துவிட்டேன். 'கட்டம்' உறுப்புப் பெயராக மட்டும். ஐயாவுக்காகப் 'படக்கலம்பகம்' என்பதைக் கதம்பப்படத்துக்கு மாற்றுச் சொல்லாகக் கொடுத்திருக்கிறேன். கண்காட்சி, கட்டுரை மாதிரி இடங்களில் அது நன்றாகவே பொருந்தும். இழை என்பதை நாம் இங்கே மின்னஞ்சல் தொடருக்கும் சொல்கிறோம், இருந்தாலும் படத்தோடு சேர்ந்து வருவதால் குழப்பம் வராது.

ராணிப்பேட்டை, ஃப்ரேம் கடையிலிருந்து:

நன்றி அண்ணா. மௌண்ட் அட்டைக்கு ஒரு தமிழ்ச்சொல் சொன்னால் என் ரசீதையும் மாற்றிவிடுவேன். 'ஜன்னல் அட்டை' என்று நாங்களே சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது போதுமா?