மறு: ‘இன்டெக்ரேஷன்’ – ஒருங்கிணைப்பா, கிட்டுமையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நகர வடிவமைப்புத் துறையின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘எவிடன்ஸ்-பேஸ்டு அர்பன் டிசைன்’ என்பதற்குச் ‘சான்றுவழி நகர வடிவமைப்பு’ என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை, அதை வைத்துக்கொள்வோம். தெருக்களும் திறந்த இடங்களும் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்று அளக்கும் முறை ஸ்பேஸ் சின்டாக்ஸ். அதற்கு நம் குழுவில் ஐயா ஒருவர் தந்த ‘இடத் தொடரியல்’ எனக்கும் பிடித்திருக்கிறது. ‘வெளித் தொடரியல்’ என்றால் விண்வெளிதான் நினைவுக்கு வரும்.

> இன்டெக்ரேஷனுக்கு ‘ஒருங்கிணைப்பு’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இப்படி ஒருவர் கேட்டிருந்தார். இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஒருங்கிணைப்பு என்றால் யாரோ எதையோ சேர்த்துவைக்கிற செயல். நாம் பேசுவதோ ஒரு தெரு மற்றத் தெருக்களுக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்ற தன்மை. அதற்கு நான் சொல்வது ‘கிட்டுமை’. போன வருடம் ஒரு பயிலரங்குக்கு வரைபடக் குறிப்புகளை மொழிபெயர்த்தேன். சிவப்புக் கோடாக இருந்த தெருவுக்குப் பக்கத்தில் ‘ஒருங்கிணைப்பு அதிகம்’ என்று நான்தான் எழுதினேன். முன்வரிசையில் இருந்த வார்டு உறுப்பினர் அம்மா எழுந்து வந்து அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, “இந்தத் தெருவ எதோட சேக்கப் போறீங்க? வீடு இடிபடுமா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. தவறு என் சொல்லில்.

இன்டெக்ரேஷன் என்ற அந்த அளவு எதைச் சொல்கிறது? 1970-களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பில் ஹில்லியர், ஜூலியென் ஹான்சன் முதலானோர் வளர்த்த முறை ஸ்பேஸ் சின்டாக்ஸ். ஊரின் திறந்த இடம் முழுவதையும் மிக நீளமான, மிகக் குறைந்த எண்ணிக்கையிலான பார்வைக்கோடுகளால் நிரப்புவார்கள். (ஆங்கிலத்தில் இவை ‘ஆக்சியல் லைன்’. ‘அச்சுக்கோடு’ வேண்டாமே, அச்சகமும் வண்டி அச்சும் குறுக்கே வருகின்றன.) பிறகு ஒரு கோட்டிலிருந்து மற்ற ஒவ்வொன்றுக்கும் போக எத்தனை முறை திரும்ப வேண்டும் என்று எண்ணுவார்கள். சராசரித் திருப்பம் குறைந்தால் இன்டெக்ரேஷன் கூடுதல். மீட்டர் கணக்கு இதில் கிடையாது.

நாம் வழி சொல்வதும் இப்படித்தானே? “நேரா போங்க, பிள்ளையார் கோயில்ல சோத்துக்கைப் பக்கம் திரும்புங்க, அப்புறம் ரெண்டாவது சந்து.” தூரத்தை யாரும் சொல்வதில்லை, திருப்பத்தைத்தான் சொல்கிறோம். ஆகவே இந்தத் திருப்ப எண்ணிக்கையைக் குறிக்கும் ‘டெப்த்’ என்பதை ‘ஆழம்’ என்று பெயர்க்காமல் ‘திருப்பத் தொலைவு’ என்றே சொல்லலாம். எல்லாத் தெருவுக்கும் திருப்பத் தொலைவில் கிட்டே இருக்கும் தெரு, கிட்டுமை மிக்க தெரு.

‘எட்டுமை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். எட்டுதல் என்பதை நினைத்தால் நல்ல சொல்தான். ஆனால் ‘எட்ட நில்’ என்றால் தள்ளி நில் என்று பொருள், அது நேர் எதிர்த் திசையில் இழுக்கிறது. ‘கிட்டம்’ என்று வைக்கலாம் என்றால், அது இரும்புக் கசடையும் குறிக்கும். கிட்டுமையில் அருகில் இருப்பதும் கைக்குக் கிடைப்பதும் இரண்டுமே இருக்கின்றன.

வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். லண்டனில் டிரஃபால்கர் சதுக்கத்தை மாற்றுவதற்கு முன் நடப்பவர்களை எண்ணி, அவர்கள் போகும் தடங்களைக் குறித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் நடுவே போகாமல் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். தேசிய ஓவியக் கூடத்துக்கு முன்னால் வாகனச் சாலை, அதற்குக் கீழே பள்ளமாகச் சதுக்கம், அந்தப் பக்கத்திலிருந்து இறங்க மூலைகளில் மட்டும் படி. நார்மன் ஃபாஸ்டர் நிறுவனத்தின் திட்டப்படி அந்தச் சாலையை மூடி, நடுவில் அகலமான படிக்கட்டு கட்டினார்கள். 2003-ல் திறந்தார்கள். இப்போது அந்தப் படியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவழியாக நடக்கிறார்கள். ‘சதுக்கத்தின் ஒருங்கிணைப்பு அதிகரித்தது’ என்று எழுதினால் ஏதோ அரசு அறிக்கை போல இருக்கிறது. ‘சதுக்கத்தின் நடுவுக்குக் கிட்டுமை கூடியது’ என்றால் என்ன நடந்தது என்று கண்ணில் தெரிகிறது.

இன்னொரு சொல்லும் பாக்கி. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் சுருக்கவழிகளில் எத்தனை ஒரு தெருவின் ஊடே செல்கின்றன என்பதை ஸ்பேஸ் சின்டாக்ஸில் ‘சாய்ஸ்’ என்கிறார்கள். ‘தேர்வு’ என்றால் நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான். ‘கடவுமை’ என்று எழுதிப் பார்த்தேன். கடவுச்சீட்டு தெரிந்தவருக்குக் கடவு புரியும், ஆனால் வாய்க்கு இன்னும் படியவில்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். குறிப்பாகத் திருநெல்வேலிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும், ஆட்கள் ஊடே புகுந்து போகும் தெருவுக்குத் தனிப் பேச்சுச் சொல் உண்டா?